வேலூர் வெயிலில் வாழைப்பழ கேக்: எங்கே தவறுகிறது, எப்படித் திருத்துவது

கேக் செய்முறை ஒன்றில் ‘மூன்று வாழைப்பழம்’ என்று எழுதியிருந்தால், வேலூரில் அதைச் செய்ய உட்காருகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ‘எந்தப் பழம்?’ என்பதுதான். வெளிநாட்டுச் செய்முறைகள் மனத்தில் வைத்திருப்பது நம் கடைகளில் மோரிஸ் என்றும் பச்சை வாழை என்றும் விற்கும் பழத்தின் இனத்தை. அதைத் தோலுரித்தால் ஒன்று ஏறக்குறைய 100 முதல் 120 கிராம் வரை நிற்கும். ஏலக்கியோ அதில் பாதிகூடத் தேறாது. ஆகவே அதே ‘மூன்று பழம்’ ஒரு வீட்டில் 330 கிராமாகவும் அடுத்த வீட்டில் 150 கிராமாகவும் கிண்ணத்தில் விழுகிறது. பழுத்த வாழைப்பழத்தில் முக்கால் பங்கு தண்ணீர் என்பதால், பழத்தின் அளவு மாறும்போது கேக்கில் நீரின் அளவே மாறுகிறது. நண்பர்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்ற கேக்குகள் என்னை ஏமாற்றிய பெரும்பாலான சந்தர்ப்பங்களில், பழி ஓவன் மீதோ மாவு மீதோ போனது. குற்றவாளி எடைபோடாத பழமாக இருந்தது.

எனவே கீழே சொல்பவை அனைத்தும் ஒரே அளவை அடிப்படையாகக் கொண்டவை. மைதா 190 கிராம், தோலுரித்து மசித்த பழம் 300 கிராம், சர்க்கரை 150 கிராம், எண்ணெய் 100 மில்லி, முட்டை 2, கெட்டித் தயிர் 2 மேசைக்கரண்டி, சமையல் சோடா முக்கால் தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி. மேசைக்கரண்டி என்பது 15 மில்லி, தேக்கரண்டி என்பது 5 மில்லி. அஞ்சறைப்பெட்டியில் கிடக்கும் கரண்டி இந்தக் கணக்கில் வராது. ஏறத்தாழ 9 அங்குல நீளமும் 5 அங்குல அகலமும் கொண்ட நீள டின், முன்கூட்டியே சூடாக்கிய 170 டிகிரி ஓவன், 55 முதல் 65 நிமிடம். சிறிய மின்தராசு ஒன்று இல்லாமல் இந்த வேலையில் இறங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. திருத்தும்போது ஒரு முறைக்கு ஒரு மாற்றத்தை மட்டும் செய்ய வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றினால், கேக் நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்பது தெரியாமல் போகும்.

அடியில் களி போன்ற படலம்

மேலே பார்த்தால் அழகாக எழும்பியிருக்கும். வெட்டினால் அடியில் ஒரு விரல் கனத்துக்குப் பளபளவென்று, ஈரமாக, கேழ்வரகுக் களியைப் போல் ஒட்டும் படலம் தெரியும். காட்பாடிப் பக்கம் ஒரு தோழியின் வீட்டில் நான் வெட்டிய முதல் கேக் இப்படித்தான் இருந்தது. ‘புட்டிங் மாதிரி நன்றாக இருக்கிறது’ என்று அவர்கள் சொன்னதை நான் நம்பவில்லை.

இதற்குக் காரணங்கள் மூன்று. அவற்றை இந்த வரிசையிலேயே சோதிக்க வேண்டும். முதலாவது, பழம் அதிகம். 300 கிராம் என்ற இடத்தில் 400 கிராம் போட்டால் 75 மில்லி தண்ணீரைக் கூடுதலாக ஊற்றியதற்குச் சமம். மைதா அதைத் தாங்காது. ‘ஒரு பழம் மிஞ்சுகிறதே, அதையும் போட்டுவிடலாம்’ என்ற சிக்கனம் இங்கே செல்லாது. இரண்டாவது, பழத்தின் பதம். காயாக இருக்கும் வாழையில் மாவுச்சத்து ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கிறது. நன்கு பழுத்துத் தோலில் கரும்புள்ளிகள் விழும்போது அது பெரும்பாலும் சர்க்கரையாக மாறிவிடுகிறது. தோல் பளிச்சென்று மஞ்சளாகவும் உள்ளே அழுத்தினால் கெட்டியாகவும் இருக்கும் பழத்தை மசித்துப் போட்டால், அதில் மிஞ்சியிருக்கும் மாவுச்சத்து நீரைப் பிடித்துக்கொண்டு பசையாகிறது, இனிப்பும் குறைகிறது. மூன்றாவது, கலக்கிய விதம். மைதாவைச் சேர்த்த பிறகு எவ்வளவு நேரம் கலக்குகிறோமோ அவ்வளவுக்கு அதிலுள்ள பசைப்புரதம் இழுபட்டு இறுகுகிறது. மாவின் வெள்ளைத் தடம் மறைந்தவுடன் கையை எடுத்துவிட வேண்டும். ஓரிரு சிறு கட்டிகள் இருந்தால் கேடில்லை. பழத்தை முள்கரண்டியால் மசிப்பதே போதும். எல்லாவற்றையும் மிக்ஸி ஜாரில் போட்டு ஒரே சுற்றாகச் சுற்றுவது நேரத்தை மிச்சப்படுத்தும், ஆனால் கேக்கைக் கெடுக்கும்.

பழ வகையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மோரிஸ் பாதுகாப்பான தேர்வு. மணம் சற்று மந்தம். செவ்வாழை நல்ல நிறத்தையும் அடர்த்தியையும் தரும், விலைதான் யோசிக்க வைக்கும். கற்பூரவல்லி மிகவும் இனிப்பானது என்பதால் சர்க்கரையை 120 கிராமாகக் குறைக்கலாம். பூவனில் இலேசான புளிப்பு உண்டு. சோடாவுக்கு அது துணையாகிறது, ஆகவே தயிரை ஒரு கரண்டியாகக் குறைத்தாலும் கேக் எழும்பும். ரஸ்தாளியின் மணத்துக்கு ஈடில்லை என்பது என் கருத்து, ஆனால் அந்தப் பழத்தின் நடுவில் சில சமயம் பழுக்காத கெட்டிக் கட்டி இருக்கும். மசிக்கும்போது அதைக் கையால் தடவிப் பார்த்து எடுத்துவிட வேண்டும், இல்லையேல் கேக்கில் துண்டு துண்டாகப் பல்லில் படும். மொந்தன் கறிக்கு உரியது.

நடுவில் குழி விழுதல்

இதில் கேட்க வேண்டியது, குழி எப்போது விழுந்தது என்பதே. ஓவனுக்குள் இருக்கும்போதே எழும்பிப் பின் அமுங்கியதா, வெளியே எடுத்து ஆறும்போது அமுங்கியதா?

உள்ளேயே அமுங்கினால் பெரும்பாலும் சோடா மிகுதி. வாயு வேகமாகக் கிளம்பி மாவை உயரத் தூக்குகிறது. சுவர்கள் வெந்து உறுதிப்படும் முன்பே குமிழிகள் உடைந்து எல்லாம் சரிகிறது. கரண்டியைக் கோபுரமாக அள்ளியிருந்தால் முக்கால் தேக்கரண்டி ஒன்றரை ஆகியிருக்கும். கத்தியின் முதுகால் தட்டையாக வழித்து அளக்க வேண்டும். முதல் 35 நிமிடத்துக்குள் கதவைத் திறந்து பார்த்ததும் காரணமாகலாம். ஓ.டி.ஜி. எனப்படும் சிறிய மின் ஓவன்களில் கதவைத் திறந்தால் சூடு ஒரே மூச்சில் வெளியேறிவிடும். பார்க்க ஆசையாக இருந்தால் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம்.

வெளியே எடுத்த பிறகு அமுங்கினால், உள்ளே வேகவில்லை என்று பொருள். ஈர்க்குச்சியைக் குத்திப் பார்த்தும் ஏமாறுவோர் உண்டு, ஏனெனில் ஓரத்தில் குத்துகிறார்கள். மிக உயர்ந்த இடத்தில், அடிவரை செல்லும்படி குத்த வேண்டும். ஒட்டிய பருக்கைகள் ஈரமாக இருக்கலாம், மாவாக இருக்கக் கூடாது. வாழைப்பழத் துண்டு ஒன்றில் குச்சி பட்டாலும் ஈரமாகத்தான் வரும் என்பதால் இரண்டு இடத்தில் பார்ப்பது நல்லது. உணவு வெப்பமானி இருந்தால் ஐயமே இல்லை: நடுவில் 96 டிகிரியைத் தாண்டினால் வெந்துவிட்டது.

இந்தக் குறையில் நம் ஊர் மின்சாரத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கோடை மாலையில் தெரு முழுவதும் ஏசி ஓடும்போது மின்னழுத்தம் இறங்குகிறது. வெப்பச் சுருளின் ஆற்றல் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட் 200 ஆகக் குறைந்தால் சூடேற்றும் திறன் ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும். குமிழ் 170 என்று காட்டினாலும் உள்ளே அந்தச் சூடு வந்து சேர நெடுநேரம் ஆகும். 10 நிமிடம் முன்சூடு என்று செய்முறையில் இருப்பதை நம்பாமல், உள்ளே தொங்கவிடும் ஓவன் வெப்பமானியைப் பார்த்தே டின்னை வைக்க வேண்டும். அல்லது மே மாதத்தில் அதிகாலையில் சுடலாம். அடுக்களைக்கும் அதுவே நல்லது.

மின்சாரம் பாதியில் போய்விட்டால்? வீட்டு இன்வெர்ட்டர் பொதுவாக ஓ.டி.ஜி.யின் சுமையைத் தாங்குவதில்லை, அதில் சொருகிப் பார்க்க வேண்டாம். வைத்து 15 நிமிடத்துக்குள் போனால் அந்தக் கேக்கைக் காப்பாற்றுவது அரிது. 35 நிமிடம் கடந்திருந்தால் கதவைத் திறக்காமல், கீழே சொல்லும் முறையில் குக்கரைச் சூடாக்கி, அது தயாரான பின் டின்னை ஒரே நகர்வில் மாற்றி வேகவைத்து முடிக்கலாம். டின் குக்கருக்குள் நுழையுமா என்பதைக் கேக் வைக்கும் முன்பே பார்த்துக்கொள்வது என் வழக்கம். 9 அங்குல நீள டின் பல குக்கர்களில் நுழையாது. மின்வெட்டுக் காலத்தில் 7 அங்குல வட்ட டின்னையே எடுக்கிறேன், மாவு மிஞ்சினால் சிறு கிண்ணங்களில் ஊற்றிவிடுகிறேன்.

மேலே கருகி, உள்ளே பச்சையாக

ஓவன் சிறியது, மேல் சுருள் டின்னுக்கு மிக அருகில் இருக்கிறது. டின்னை எல்லாவற்றுக்கும் கீழேயுள்ள தட்டில் வைக்க வேண்டும். மேல் சுருளையும் கீழ்ச் சுருளையும் தனித்தனியே இயக்கும் வசதி இருந்தால் முதல் 40 நிமிடம் கீழ்ச் சுருளை மட்டும் வைக்கலாம். 35 நிமிடத்துக்குப் பின், நிறம் ஏறிவிட்டதும், அலுமினியத் தாளை இலேசாகக் கூரைபோல் மூட வேண்டும். இறுக்கி ஒட்டினால் நீராவி தங்கி மேற்புறம் பிசுபிசுக்கும். நாட்டுச் சர்க்கரை போட்ட கேக் வெள்ளைச் சர்க்கரை போட்டதைவிட விரைவில் கறுக்கும், அதைக் கருகலாக எண்ணிப் பாதியில் எடுத்துவிட வேண்டாம். கறுப்பு நிற டின்னாக இருந்தால் சூட்டை 10 டிகிரி குறைப்பது உதவும்.

எழும்பவே இல்லை

இங்கே பெரும்பாலும் பெயர்க் குழப்பம். சமையல் சோடா, ஆப்ப சோடா, பேக்கிங் சோடா ஆகிய மூன்றும் ஒன்றே. பேக்கிங் பவுடர் வேறு. அது சோடாவும் அமிலப் பொடியும் மாவும் கலந்தது, வீரியத்தில் சோடாவின் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோதான். முக்கால் தேக்கரண்டி சோடா வேண்டிய இடத்தில் அதே அளவு பேக்கிங் பவுடர் போட்டால் கேக் செங்கல்லாகும். பேக்கிங் பவுடர் வேண்டிய இடத்தில் அதே அளவு சோடா போட்டால் எழும்பிச் சோப்பாக நாறும்.

பெயர் சரிதான் என்றால் பழசா என்று பார்க்க வேண்டும். சோடாவில் எலுமிச்சைச் சாறு சில துளி விட்டால் உடனே நுரைத்துப் பொங்க வேண்டும். பேக்கிங் பவுடருக்குச் சாறு தேவையில்லை, வெந்நீரே போதும். மந்தமாகக் குமிழிட்டால் அந்தப் பொட்டலத்தைப் பாத்திரம் தேய்க்க வைத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் வாய் திறந்து வைத்த பொட்டலம் விரைவில் வீரியம் இழக்கும்.

கலந்த மாவைக் காத்திருக்க வைத்ததும் காரணமாகலாம். சோடா தயிரைத் தொட்டவுடன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. முன்சூடு முடிந்த பிறகே ஈரமும் உலர்ந்ததும் ஒன்றுசேர வேண்டும். கலந்து வைத்துவிட்டுத் தொலைபேசி எடுத்துப் பேசுவது ஆகாது.

சோப்பு வாடை, நாக்கில் கசப்பு

அமிலம் போதாமல் சோடா மிஞ்சிவிட்டது. தயிரைச் சேர்க்க மறந்தோமா, புளிக்காத புதுத் தயிரா, சோடா கட்டியாகவே விழுந்ததா என்று பார்க்க வேண்டும். மைதாவோடு சோடாவை இருமுறை சலிப்பது இந்தக் கட்டியைத் தவிர்க்கும். கேக் வழக்கத்தைவிடச் செம்பழுப்பாக இருந்தாலும் இதே பொருள். வெட்டிய முகத்தில் தெரியும் சிறு கருநிற இழைகள் பழத்தின் நாரும் விதைத்தடமும். அவை பிழை அல்ல.

வெண்ணெய் திரிந்து, எண்ணெய் வழிதல்

எண்ணெய்க்குப் பதில் வெண்ணெய் போட விரும்புகிறவர்களுக்கு வேலூரின் ஏப்ரல், மே இரண்டும் பகை. வெண்ணெயையும் சர்க்கரையையும் அடித்துக் காற்றேற்ற, வெண்ணெய் 20 டிகிரி அளவில் இருக்க வேண்டும். 32 டிகிரியைத் தாண்டினால் அது உருகத் தொடங்கும். நம் அடுக்களை நண்பகலில் அதைவிடச் சூடு. ‘அறை வெப்பநிலைக்கு வந்த வெண்ணெய்’ என்று செய்முறை சொல்வது நம் அறையை அல்ல. குளிர்பெட்டியிலிருந்து எடுத்துத் துண்டு போட்டு, 5 நிமிடத்துக்குள் அடிக்கத் தொடங்க வேண்டும். கிண்ணத்தை ஐஸ் தண்ணீர் உள்ள பெரிய பாத்திரத்தில் நிறுத்திக்கொள்ளலாம். எண்ணெயாக உருகிய வெண்ணெயில் காற்று நிற்காது, கேக் கனத்து அடியில் கொழுப்பு கசியும். முட்டை சேர்க்கும்போது திரிந்ததுபோல் பிரிந்தால் மட்டும் அஞ்ச வேண்டியதில்லை. ஒரு கரண்டி மைதா போட்டால் சேர்ந்துகொள்ளும். கோடையில் நான் வெண்ணெயைத் தொடுவதே இல்லை. பழ மணத்தின் நடுவே கடலை எண்ணெய் வேண்டாம், மணமற்ற சூரியகாந்தி எண்ணெய் பொருத்தம்.

வறண்டு உதிர்தல்

ஒரு கப் மைதா என்பது மெல்லத் தூவி நிரப்பினால் 125 கிராம். டப்பாவுக்குள் கப்பை அமுக்கி அள்ளினால் 160 வரை போகும். தராசுக்காரருக்கு இந்தப் பிரச்சினை வராது. கோதுமை மாவுக்கு மாறியிருந்தால் அது அதிகம் நீர் குடிக்கும் என்பதால் 2 மேசைக்கரண்டி பால் சேர்த்து, கலந்த மாவை 5 நிமிடம் மட்டும் வைக்கலாம். மற்றபடி கூடுதலாக வேகவைத்ததே காரணம்.

முட்டையில்லாத கேக் வெட்டும்போது சிதைதல்

நண்பர் வட்டத்தில் முட்டை உண்ணாதவர் ஒருவராவது இருப்பார். ‘முட்டைக்குப் பதில் வாழைப்பழம்’ என்ற பரவலான அறிவுரை இந்தக் கேக்குக்குப் பொருந்தாது, ஏற்கெனவே பழம் அளவோடு இருக்கிறது. மேலும் போட்டால் முதலில் சொன்ன களிதான். இரண்டு முட்டைக்கு ஈடாக 120 கிராம் கெட்டித் தயிரும், கூடுதலாக அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் போதும். பிணைக்கும் முட்டை இல்லாததால் சூடாக வெட்டினால் சரியும். இரண்டு மணி நேரமாவது ஆறிய பிறகு, பல்லுள்ள கத்தியால் அறுப்பதுபோல் வெட்ட வேண்டும். முட்டை போட்டதும் போடாததும் ஒரே நாளில் செய்தால், கத்தியையும் தட்டையும் தனித்தனியே வைப்பது மரியாதை.

குக்கரில் அடி தீய்தல்

விசிலையும் மூடியின் ரப்பர் வளையத்தையும் கழற்றியிருக்க வேண்டும், தண்ணீர் கூடாது. அடியில் ஒரு அங்குல உயரத்துக்குக் கல்லுப்பு பரப்பி, அதன்மேல் உயரமான தாங்கி வைத்து, 10 நிமிடம் சூடாக்கியபின் டின்னை இறக்கித் தீயை மிகக் குறைவாக வைக்க வேண்டும். டின் உப்பைத் தொட்டால் அடி கருகும். மேற்புறம் வெளிறித்தான் வரும், அதை நிறமேற்ற நேரத்தை நீட்டினால் அடி தீய்ந்துவிடும். ஈயம் பூசிய பழைய பாத்திரத்தை டின்னாகப் பயன்படுத்த வேண்டாம்.

முந்திரி, அக்ரூட் அடியில் தங்கினால் துண்டுகளைச் சிறிதாக்கி ஒரு கரண்டி மைதாவில் புரட்டிப் போடலாம். டின்னில் ஒட்டினால் பட்டர் பேப்பர் போட்டிருக்கவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டாம். நீள டின்னில் உச்சி வெடிப்பது இயல்பு. அதைக் குறையாக எண்ணுகிறவர்கள் கடை கேக்கையே பார்த்துப் பழகியவர்கள்.

ஏலகிரியில் மட்டும் குழி விழுகிறது

வீட்டில் நன்றாக வரும் அதே அளவு, ஏலகிரியில் நண்பர்களோடு தங்கிய வீட்டில் சரிந்துபோனால் கை பழுதல்ல. மலை கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது; காற்றழுத்தம் குறைவதால் வாயு அதிகம் விரிகிறது, தண்ணீர் 100 டிகிரிக்கு மூன்று நான்கு டிகிரி முன்னதாகவே கொதிக்கிறது. சோடாவை அரைத் தேக்கரண்டியாகக் குறைத்து, சூட்டை 10 டிகிரி கூட்டி, ஒரு மேசைக்கரண்டி மைதா சேர்த்தால் நிலைக்கும்.

கொடுத்த மறுநாள் பிசுபிசுப்பும் பூஞ்சையும்

வெதுவெதுப்பாக இருக்கும்போதே டப்பாவில் அடைத்ததன் விளைவு இது. டின்னில் 15 நிமிடம், பிறகு கம்பித் தட்டில் மூன்று மணி நேரம். அடிப்பாகத்தில் கை வைத்தால் குளிர்ச்சியாக இருந்தால்தான் மூட வேண்டும். மே மாதத்தில் வெளியில் ஒரு நாளுக்கு மேல் வைப்பது சரியல்ல. குளிர்பெட்டியில் நான்கைந்து நாள் இருக்கும், பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன் எடுத்தால் மென்மை திரும்பும். முதல் நாளைவிட இரண்டாம் நாள் மணம் கூடுகிறது என்பதால், ஞாயிற்றுக்கிழமைக்கான கேக்கைச் சனிக்கிழமை அதிகாலையில் சுடுவேன்.

பேருந்திலோ ரயிலிலோ எடுத்துச் செல்வதாக இருந்தால் துண்டு போடாமல் முழுதாகக் கொண்டுபோக வேண்டும். வெட்டிய முகங்கள்தான் முதலில் உலர்வதும் உதிர்வதும். பட்டர் பேப்பரில் சுற்றி, அதன்மேல் துணியால் கட்டி, எவர்சில்வர் டப்பாவின் மூடியைக் கவிழ்த்து அதில் கேக்கை வைத்து, டப்பாவை மேலே மூடினால், போய்ச் சேர்ந்ததும் கையை உள்ளே விடாமல் டப்பாவைத் தூக்கி எடுக்கலாம், உடையாது. கொடுக்கும்போதே முட்டை, கொட்டை, பால் எவை சேர்ந்திருக்கின்றன என்று சொல்லிவிடுங்கள். மூடியின்மேல் ஒரு சீட்டில் சுட்ட தேதியோடு எழுதி ஒட்டுவது இன்னும் நல்லது.